பிள்ளையின் முதுகுத் தண்ணீர்

லோறன்சின் அப்பாவுக்கு பெற்றிசியா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் இருமல் எப்படி?

மகன் லோறன்சுக்குக் காய்ச்சலோடு கழுத்தும் விறைத்துவிட்டதென்று ஊரிலிருந்து வந்த ஜுனைதீன் நானா சொன்னார். முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுக்க நீங்கள் கையெழுத்து வைக்கவில்லையாம்.

இங்கே கொழும்பில் நான் கூட்டித் துடைக்கும் ஆய்வுகூடத்தில், போன கிழமை ஒரு குழாயைக் கழுவப் போனேன். "ஐயோ அக்கா, ஊத்திப்போடாதேங்கோ! அது ஒரு பிள்ளையின்ர முதுகுத் தண்ணி" என்று அங்கே சோதனை செய்யும் மிஸ் கத்தினா. பார்வைக்குப் பச்சைத் தண்ணீர்தான். கிருமி பார்க்கும் கண்ணாடியில் வைத்துத்தான் மூளைக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தார்கள். மருந்து ஏற்றி, நேற்று அந்தப் பிள்ளை கஞ்சி கேட்டதாம்.

கால் விளங்காமல் போகுமென்று பயந்து எங்கள் மகள் செலீனாவுக்கும் இதே ஊசியை நாங்கள் இருவரும் மறித்தோம். பிள்ளையைப் புதைத்தோம். அவளுடைய நீலச் சட்டையை அனுப்புங்கோ, தலைமாட்டில் வைத்துப் படுக்க.

ரயில் வெளிக்கிடப் போகிறது, இந்தக் கடிதத்தைக் கொண்டுவர நானா நிற்கிறார். இதைக் கண்டவுடன் ஆசுபத்திரிக்கு ஓடுங்கோ. கை நடுங்கிக் கையெழுத்து வராவிட்டால் பெருவிரலை வையுங்கோ.

பெற்றிசியா