அரை லோட்டா பால்

சூளகிரி
21-2-57

சிரஞ்சீவி பெருமாளுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சௌக்கியம், பட்டாளத்தில் உன் சௌக்கியத்துக்கு எழுது என்று ஆரம்பித்துத்தான் எனக்குக் கை பழக்கம். போன மூன்று கடிதத்திலும் அப்படித்தான் எழுதினேன், சம்பங்கி வேளாவேளைக்குப் பால் குடிக்கிறாள் என்றுகூட எழுதினேன். அது பொய் கண்ணு. பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று அப்பா கொடுத்த தந்தி உனக்கு வந்திருக்கும். உன் பெண்சாதி சம்பங்கியும் குழந்தையும் உயிரோடு இருக்கிறார்கள், தேறி வருகிறார்கள், அதனால் பதறாமல் மேலே படி. தந்தியில் இல்லாததை நான்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் செய்தவள் நான்.

புரட்டாசி மாதம் நம் ஊர்ச் சத்திரத்தில் தாய் சேய் நிலையம் என்று திறந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் தினம் காலையில் அண்டாவில் பவுடர் பால் கலக்கி ஆளுக்கு ஒரு லோட்டா கொடுக்கிறார்கள், மீனெண்ணெயும் உண்டு. நர்சு ஜோதியம்மாள் வீடு தேடி வந்து சம்பங்கி பெயரை எழுதிக்கொண்டு, கட்டம் கட்டமாகப் போட்ட சீட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். பால் குடித்த நாளுக்கு ஒரு கட்டத்தில் கோடு போடுவார்களாம். நான் அதை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். இரண்டு எருமை கறக்கிற வீட்டு மருமகள், நம் கொல்லையில் களை எடுக்கிறவர்களோடு லோட்டா ஏந்தி வரிசையில் நிற்பதா, ஊர் என்ன சொல்லும் என்று எனக்கு அவ்வளவு ரோஷம்! அந்த இரண்டு எருமைப் பாலும் பொழுது விடிந்தால் ரோட்டோரக் காபி ஓட்டலுக்குப் போய்விடுகிறது, வீட்டில் மிஞ்சுவது மோர்த் தண்ணிதான். அதையும் பார்த்துப் பார்த்துத்தான் ஊற்றினேன். களியிலும் ஒரு உருண்டைக்குமேல் வைக்கவில்லை. நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துப் பேறு கஷ்டமாகிவிடும் என்று என் மாமியார் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்தேன். ஒரே ஒரு நாள், அத்தே, நானும் ஒரு எட்டுப் போய்ட்டு வரட்டா என்று கேட்டாள். பிச்சைப் பால் குடிச்சாத்தான் உன் வயிறு நெறையுமா என்றேன். அப்புறம் அவள் கேட்கவே இல்லை. தாயில்லாத பெண், பிறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகவும் வழியில்லை, யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, எழுதக் கை கூசுகிறது. நம் ஏர் ஓட்டுகிற திம்மப்பன் பெண்சாதி கெம்பம்மாவும் அப்போது நிறைமாதம். அவள் தன் பங்கில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை முந்தானைக்குள் மறைத்து வந்து, மாட்டுக்கொட்டகைப் பக்கமாகச் சம்பங்கிக்குக் கொடுத்திருக்கிறாள். எத்தனை நாள் கொடுத்தாளோ தெரியாது. கார்த்திகையில் ஒரு காலை சாணி அள்ளப் போனபோது பார்த்துவிட்டேன். யாரு கை பட்டதைக் குடிக்கிறேன்னு தெரியுதாடி என்று கத்தி, லோட்டாவைப் பிடுங்கி, எருமையின் கழனித் தொட்டியில் ஊற்றினேன். எருமை குடிக்கிறதைச் சம்பங்கி பார்த்துக்கொண்டே நின்றாள். தப்பு எம்மேலதானுங்கம்மா, பொண்ணு மொகம் வெளுத்துக் கெடந்துச்சு, மனசு கேக்கல என்று சொல்லிவிட்டுக் கெம்பம்மா போய்விட்டாள். அடிப் பாவி, உன்னைப்போலவும் ஒருத்தி இருப்பாளா என்று இன்றைக்கு என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

தை மாதம் பதினெட்டாம் தேதி, உச்சிப் பொழுது. ராகி புடைத்துக்கொண்டிருந்த சம்பங்கி அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். கணக்குப்படி இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஜோதியம்மாள் ஓடி வந்தாள். குழந்தை என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. சம்பங்கிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஊசிமேல் ஊசி போட்டுத்தான் அடங்கியது. நர்சு சீட்டைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். ஒரு கட்டத்தில்கூடக் கோடு இல்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, எருமை வச்சிருக்கிற வீடாச்சே, பால் குடிப்பாள்னு நான் நம்பி வராம இருந்துட்டேனே அம்மா என்றாள். உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குப் போக இடமில்லை.

மூன்று நாளாகியும் சம்பங்கிக்குப் பால் ஊறவில்லை. குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. யாரும் கூப்பிடாமலே கெம்பம்மா வந்தாள், இடுப்பில் அவள் மகன், இரண்டு மாதத்துப் பிள்ளை, கொழுகொழுவென்று இருக்கிறான். கொட்டகை ஓரமாகவே நின்றுகொண்டு, கொழந்தைய இங்கியே எடுத்தாங்கம்மா என்றாள். உள்ளே வா தாயீ என்று கையைப் பிடித்து நானே கூட்டிவந்தேன். அவள் பாலாடையில் பீய்ச்சிப் பீய்ச்சிக் கொடுக்க, நான் துளித் துளியாகப் புகட்டினேன். பதினோரு நாள் உன் மகள் அந்தப் பாலில்தான் பிழைத்தாள். இப்போது சம்பங்கிக்கே ஊறுகிறது.

ஓட்டலுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்தியாயிற்று. நிலையத்துப் பாலையும் விடக்கூடாது என்று நர்சு கண்டிப்பு. சம்பங்கி எழுந்து நடமாடுகிறவரை வீட்டார் வந்து வாங்கிப்போகலாம் என்று விட்டிருக்கிறார்கள், நான்தான் லோட்டாவோடு போகிறேன். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தள்ளி நின்று இடம்தான் விட்டார்கள். நேற்று எனக்கு முன்னால் நின்ற கெம்பம்மாவோடு அண்டா காலியாகிவிட்டது. அவள் தன் லோட்டாவிலிருந்து பாதியை என் லோட்டாவில் சாய்த்தாள். வழியெல்லாம் சொட்டு சிந்தாமல் கொண்டுவந்து, கெம்பம்மா கொடுத்ததும்மா என்று சம்பங்கி கையில் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள் கண்ணு. பார்த்துவிட்டு, நான் பிடுங்கிவிடுவேனோ என்று சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரே மடக்கில் குடித்தாள்.

இதையெல்லாம் அவருக்கு எழுதாதீங்க அத்தே என்றுதான் அவள் சொன்னாள். எழுதிவிட்டேன். என்னைத் திட்டி எழுது, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. சித்திரைக்குள் லீவு கேட்டுப் பார். அங்கே பனி அதிகம் என்கிறார்கள், காதுக்குத் துணி கட்டிக்கொள். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்கவேண்டும், ஆசி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லாவிட்டாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முக்கியமாக ஒன்று. சம்பங்கிக்குத் தனிக் கடிதம் போடு, அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். மேலே அவள் பெயரையே எழுது. நான் பிரிக்கமாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
வெங்கடம்மாள்