விரல் வேறு பக்கத்தில்

அக். 6, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். குடையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிய பிறகுதான் மழை. காளவாசல் சிக்னலில் நன்றாக நனைந்தேன். தீபாவளிக் கூட்டம் இப்போதே தொடங்கிவிட்டது.

வாங்க வேண்டியவை: சாக்பீஸ் (வெள்ளை மட்டும்), டஸ்டர், அப்பாவின் மாத்திரை, கோலப்பொடி. வாங்கியது சாக்பீஸ்.

மாலை வகுப்பு. மாடி அறை, கீழே பேட்டரிக் கடை. பெரியவர்களுக்கான ஆரம்ப ஆங்கிலம், வாசிக்கவும் எழுதவும். எல்லாரும் பெண்கள், எல்லாரும் வேலை முடித்து வருகிறவர்கள். நான் ஒரு வரி வாசிப்பேன், அவர்கள் சேர்ந்து திருப்பி வாசிப்பார்கள். பிறகு தனித்தனியாக. நான் படித்த பள்ளியிலும் இப்படித்தான்.

நல்ல செய்தி ஒன்று. வகுப்புக்குச் சற்று முன் போன். பாண்டிச்செல்வி அக்கா (இனி பா. அக்கா) வார்டு துடைக்கும் ஆஸ்பத்திரியின் மேனேஜர்.

"மருந்து ஸ்டோருக்கு ஒரு ஆள் வேணும்மா. டப்பாவைப் பிரிச்சு ரேக்குல அடுக்குற வேலை. பாண்டிச்செல்வி இங்கிலீஷ் வாசிப்பேன்னு சொல்லுது. நெசமா?"

"நல்லா வாசிப்பாங்க சார். என் வகுப்புல அவங்கதான் முதல்."

"நீங்க சொன்னாச் சரி. அடுத்த திங்கள்லருந்து மாத்திவிட்டுர்றேன்."

வகுப்பில் சொன்னேன். பா. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பினாயிலில் தோல் உரிந்து வெளுத்த விரல்கள். இனி அது ஆறும். மாட்டுத்தாவணியில் பூ விற்கும் மீனா அக்கா விடவில்லை.

"இனி நம்ம பாண்டி சேருல உக்காந்து மாத்திரைக்குப் பேரு வைப்பா."

"ஒனக்கென்னடி பொறாமை? நீ பூவுக்கு நடுவுல உக்காந்திருக்கவ."

"நடுவுல உக்காந்தா? ஈ மொய்க்குதுடி."

திரும்பி வரும்போது எனக்கே வேலை கிடைத்த மாதிரி நடந்தேன். மழையைக் கவனிக்கவில்லை.

அக். 7, செவ்வாய்

வெயில். வகுப்பு இல்லை. தடித்த நாவல் ஒன்றில் பாதி. அடுப்பில் பருப்பு இருந்ததே நினைவில் இல்லை.

அம்மா: "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குற. குக்கர் கத்துறது காதுல விழல."

கருகிய பருப்பையே ரசமாக்கினாள். நன்றாக இருந்தது என்று சொன்னால் திட்டு விழும் என்று சொல்லவில்லை.

அக். 8, புதன்

என்ன பார்த்தேன் என்பதை அப்படியே எழுதிவிட வேண்டும். நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

வகுப்பு நடுவில் சாரல். பின் வரிசை ஜன்னலைச் சாத்தப் போனேன். பொதுவாக நான் பலகையை விட்டு நகர்வதே இல்லை. பா. அக்கா தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் பாடம், மார்க்கெட். "ராணி கோஸ் டு த மார்க்கெட். ஷி பைஸ் டொமேட்டோஸ்." தெளிவாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி.

அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மடியில் விரிந்திருந்த பக்கத்தில் ரயில் படம்.

அது பன்னிரண்டாம் பாடம். நாங்கள் இன்னும் தொடவே இல்லாத பாடம். மார்க்கெட் இல்லை, தக்காளி இல்லை, ராணி இல்லை. அவர் விரல் மட்டும் ஒவ்வொரு வரியின் கீழும் ஓடியது. வாயில் வரி முடியும்போது விரலும் வரியின் முனைக்கு வந்து, அடுத்த வரிக்கு இறங்கியது. ஒரு தடுமாற்றமும் இல்லை.

கண் தவறாகப் பார்க்கிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். ரயில்தான்.

பாடம் முடிந்தது. "நல்லா வாசிச்சீங்க அக்கா" என்றேன். எப்போதும் சொல்கிற வாய், தானாகச் சொல்லிவிட்டது.

பிறகு பலகையில் எழுதியதை எல்லாரும் பார்த்து எழுதினார்கள். இந்த முறை பின்னாலேயே நின்றேன். பா. அக்கா ஒரு சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து தொடங்கினார். அதற்கு வால் இருக்கிறது, அதை முதலில் போட்டுவிட்டு, மற்றதை இடப்பக்கம் சேர்த்தார். கோலத்தில் எந்த மூலையிலிருந்தும் இழுக்கலாமே, அப்படி. முடிந்தபோது அச்சடித்த மாதிரி இருந்தது. அந்தக் கையெழுத்தை எத்தனை முறை எல்லாருக்கும் தூக்கிக் காட்டியிருக்கிறேன்.

எழுத்து அல்ல. படம்.



அக். 9, வியாழன்

வெயில், புழுக்கம். நாள் முழுக்கக் கோபம். ஏமாற்றிவிட்டார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, எவ்வளவு சாமர்த்தியமாக.

அப்பாவுக்கு மாத்திரை வாங்க மெடிக்கல் ஷாப் போனேன். கடைக்காரர் இரண்டு அட்டையை எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே நீலம், ஒரே அளவு.

"அண்ணே, ரெண்டும் ஒண்ணா?"

"இது பிரஷர், இது சுகர். கம்பெனிக்காரன் ஒரே கலர்ல போட்டுர்றான். பேரைப் பாத்து எடுக்கணும்மா. இல்லைன்னா சோலி முடிஞ்சது."

சிரித்துக்கொண்டே சொன்னார். என் கண்ணில் வேறொன்று தெரிந்தது. ஆஸ்பத்திரி ஸ்டோர். நூறு நீல அட்டை. நடுவில் நாற்காலியில் பா. அக்கா. எந்த ரேக்கில் எதை வைப்பார்? அங்கிருந்து எடுத்து யாருக்குக் கொடுப்பார்கள்?

போனை எடுத்தேன், மேனேஜர் எண் வரை போனேன். அழுத்தவில்லை. நாளை வகுப்பில் ஒருமுறை உறுதி செய்துகொண்டு பேசலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உறுதி செய்ய என்ன இருக்கிறது. பயம்தான்.

அக். 10, வெள்ளி

மழை இல்லை. ஒன்பதாம் பாடத்தின் சொற்களையே கலைத்துப் பலகையில் எழுதினேன். மீனா அக்கா பாதி வாசித்தார். இன்னும் இரண்டு பேர் தட்டுத் தடுமாறி. மற்றவர்கள் தலை குனிந்தார்கள். பா. அக்கா குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, சிரித்த முகமாக, காத்திருந்தார்.

"நீங்க ஆரம்பிச்சுவிடுங்க டீச்சர். எனக்கு வந்துரும்."

"நான் ஆரம்பிக்கமாட்டேன் அக்கா. முதல் சொல்லை மட்டும் வாசிங்க."

"மொதல்லருந்து சொன்னாத்தான வரும்? நடுவுல கேட்டா எப்படி?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும்.

வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் நிறுத்தினேன். நடந்த பேச்சு, நினைவில் இருக்கிறபடி:

"அக்கா, தமிழ் வாசிப்பீங்களா?"

"பேரு எழுதுவேன். பஸ்ஸுக்கு நம்பரு தெரியும்."

"பள்ளிக்கூடம்?"

"பேரையூர்ப் பக்கம், எங்க ஊர்ல. கொஞ்ச நா போனேன். தம்பி பொறந்தான். அம்மா காட்டுக்குப் போயிரும், தூக்கிவச்சுக்க ஆளில்ல."

இதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தமிழ் தெரியாமலா ஆங்கிலத்துக்கு வருவார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

"அப்ப இத்தனை நாளாப் புத்தகத்துல என்ன செஞ்சீங்க?"

"வாசிச்சேன்."

"எப்படி?"

இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தார்.

"நீங்க சொல்லுவீக. கேட்டு வச்சுக்கிருவேன். பாத்திரம் வெளக்கையில சொல்லிப் பாப்பேன். மறுவாட்டி வந்து வெரல வச்சு வாசிப்பேன். நீங்களும் அப்படித்தான டீச்சர் வாசிக்கிறீக? எம்புட்டுப் பொஸ்தகத்த மனசுல வச்சிருக்காக பாருன்னு மீனாகிட்ட எப்பயும் சொல்லுவேன்."

ஏமாற்றவில்லை. ஒரு துளிகூட இல்லை. வாசிப்பது என்றால் இதுதான் என்று நினைத்திருக்கிறார். நினைக்க வைத்தது யார்? வரி வரியாக முதலில் நான், பிறகு அவர்கள். என் வீட்டு அலமாரியில் இருக்கிற அத்தனை புத்தகங்களும் எனக்கு மனப்பாடம் என்று இவ்வளவு நாள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

நேற்று வாங்கிய அப்பாவின் மாத்திரைகள் இன்னும் பையிலேயே இருந்தன. இரண்டு நீல அட்டைகளையும் காட்டினேன்.

"இதுல ஒண்ணு பிரஷர், ஒண்ணு சுகர். எது எதுன்னு பேரைப் பாத்துச் சொல்லுங்க."

"ஒருவாட்டி நீங்க சொல்லுங்க, பெறகு மறக்கமாட்டேன்."

"ஸ்டோர்ல யாரும் சொல்லமாட்டாங்க அக்கா. புதுசு புதுசா வரும். மாத்தி வச்சா அதை யாரோ முழுங்குவாங்க."

அட்டைகளை வாங்கிப் பார்த்தார். ஒன்றைத் திருப்பினார், மற்றதைத் திருப்பினார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை.

"அப்ப நான் வாசிக்கவே இல்லையா?"

அட்டைகளுக்குக் கை நீட்டினேன், அவர் விடவில்லை.

"சனி, ஞாயிறு இருக்குல்ல டீச்சர். சொல்லிக் குடுத்துருங்க."

"ரெண்டு நாள்ல வராது அக்கா."

"வீட்டுக்காரர்ட்டச் சொல்லிட்டேன். வார்டுல அம்புட்டு பேருகிட்டயும் சொல்லிட்டேன்."

"நான் மேனேஜர்கிட்டப் பேசணும்."

அட்டைகளை என் கையில் வைத்துவிட்டு இறங்கினார். ஒவ்வொரு நாளும் "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். இன்று செருப்பைத் தேடினார், மாட்டினார், போனார்.

அக். 11, சனி

காலையில் மேனேஜர் போனை எடுக்கவில்லை. நேரில் போனேன். பஸ்ஸில் நின்றபடி ஒத்திகை: தவறு என்னுடையது சார், வேலையை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள் சார்.

சொல்ல வாயெடுத்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும்மா. காலையிலயே வந்து சொல்லிருச்சு. எனக்கு வாசிக்கத் தெரியாது சார், டீச்சர் தெரியாமச் சொல்லிட்டாக, ஸ்டோருக்கு வேற ஆளைப் பாருங்கன்னு. இன்னொரு பொண்ணை எடுத்தாச்சு."

அவரே. எனக்கு முன்னால். நான் எண்ணை அழுத்தப் பயந்து ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன். அவர் விடிந்ததும் போய்ச் சொல்லிவிட்டார்.

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எம்.ஏ. தானம்மா?"

"ஆமா சார்."

"இங்கிலீஷா?"

"ஆமா சார்."

வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

திரும்பும் வழியில் வார்டு வராந்தாவில் பா. அக்கா. நீலச் சீருடை, வாளி, துடைப்பம். பினாயில் வாடை. நான் நின்றேன். அவர் நிமிரவில்லை.

"ஈரமா இருக்கு. ஓரமாப் போங்க."

டீச்சர் என்று சொல்லவில்லை. ஓரமாகப் போனேன்.

அக். 12, ஞாயிறு

தூறல். வெளியே போகவில்லை. நாவலைத் திறந்தேன், ஒரு பக்கம்கூடப் போகவில்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது.

பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் கன்னடத்தில் ஏதோ. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பார்த்து எழுதிப் பார்த்தேன். எங்கே தொடங்குவது? எது ஒரு எழுத்து, எது இரண்டு? கடைசியில் வட்டமாக இருந்ததை முதலில் போட்டேன். அது சுலபமாக இருந்தது. மற்றதை அதன் பக்கத்தில் ஒட்டினேன்.

பேனாவை மூடி வைத்தேன்.

அம்மா: "என்னடி பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

சொல்லவில்லை. நாளை வகுப்புக்குப் போகவே கால் வருமா தெரியவில்லை. பா. அக்கா வரமாட்டார். அது மட்டும் நிச்சயம்.

அக். 13, திங்கள்

வானம் வெளுத்திருந்தது. சீக்கிரமே போய்ப் பலகையைத் துடைத்தேன். பாடப் புத்தகத்தை எடுக்கவில்லை. எடுத்தால் என் வாய் தானாக ஓடும்.

மீனா அக்கா முதலில். விஷயம் தெரிந்திருந்தது. எதுவும் கேட்காமல் ஒரு முழம் பூவை மேஜையில் வைத்தார். பிறகு மற்றவர்கள்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம். பா. அக்கா. இன்று ஸ்டோரில் உட்கார்ந்திருக்க வேண்டிய நாள். சீருடையோடு, நேராக வார்டிலிருந்து. எப்போதும் உட்காரும் பின் வரிசையைத் தாண்டி வந்தார்.

"நகரு" என்றார் மீனா அக்காவிடம்.

"இங்கன எதுக்குடி? ஜன்னலோரம் காத்து வரும்ல?"

"காத்து வாங்கவா வந்தேன்? நகரு."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டுத் திரும்பினேன். வாசித்துக் காட்ட வாயைத் திறந்தேன்.

"டீச்சர்."

நிறுத்தினேன்.

"நீங்க முன்னாடி வாசிக்காதீக. நான் வாசிச்ச பெறகு வாசிங்க."

எழுந்து பலகைக்கு வந்தார். உரிந்த விரலை முதல் எழுத்தின் கீழ் வைத்தார். விரல் ஓடவில்லை, அங்கேயே நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் யாரோ மெதுவாக எடுத்துக் கொடுக்கப் பார்த்தார்கள். மீனா அக்கா "சும்மா இரு" என்று அதட்டினார்.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.