பூ விழும் இரகசியச் சொல்

மார்ச் 6, செவ்வாய், இரவு.

இன்று மணி அன்ரி தன் மகனின் பெயரைக் கடையில் எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டார். பிழை என்னுடையது.

எங்கள் கொமினிகேஷன் கடையில் மின்னஞ்சல் படிக்க வருபவர்களிடம் இரகசியச் சொல் கேட்கும் ஸ்கிரிப்ட், அந்தச் சின்னப் புரோகிராம், நான் எழுதியது. பின்னால் நிற்பவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று, தட்டும் எழுத்து திரையில் தெரியாதபடி செய்து வைத்திருந்தேன். லொட்ஜில் தங்கியிருக்கும் அன்ரி இன்றுதான் முதன்முதலாக, தனக்கென்று ஒரு சொல் போட வந்தார். தட்டியும் திரையில் ஒன்றும் விழாததால், கொம்பியூட்டருக்கு விளங்கவில்லை என்று நினைத்துவிட்டார்.

"ஆர்... ஏ... பிள்ளை, இது விழுகுதில்லை. ரகு எண்டுதானே அடிக்கிறன்!"

வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் திரும்பினார்கள். அந்தப் பெயரை விசாரித்துத்தான் போன மாதம் லொட்ஜுக்குப் பொலிஸ் வந்தது. அவர் கையைப் பிடித்தேன். அன்ரிக்கு விளங்கியது. மகனின் கடிதத்தைப் படிக்காமலே எழும்பிப் போய்விட்டார்.

பிறகு ஸ்கிரிப்டை மாற்றினேன். இப்போது ஒரு எழுத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி விழும். பின்னேரம் லொட்ஜுக்குப் போய் நானே அவரைக் கூட்டி வந்தேன்.

"வேற சொல் போடுங்கோ அன்ரி. வாய் மட்டும் திறக்காதேங்கோ."

"இதென்னடி, பூப்பூவா விழுகுது!"

சிரித்தார். கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

அவர் தட்டும்போது நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் கடைக்கண்ணால் பூக்களை எண்ணிவிட்டேன். ஏழு. சுமதி என்று என் பெயரை ஆங்கிலத்தில் எழுதினாலும் ஏழுதான். வேறு எத்தனையோ பெயர்களுக்கும் ஏழு வரும்.