வைக்கோல் செருகிய தொப்பி

சாலே ஆற்றங்கரைப் பாளையம்,
மகதலேன் திருநாள்

என் சிட்டே வைட்,

உயிரோடு இருக்கிறாயா? கைதிகளைப் பற்றிப் பேச எதிரிப் பாளையத்துக்குப் போகும் எக்காளக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணல்தான், பொறுத்துக்கொள்.

எனக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் குதிரைகளின் சேணத்தைக் கழற்றி மேயவிட்டிருந்தீர்கள். பனிமூட்டத்துக்குள்ளிருந்து குதிரைக்காரர்கள் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கந்தல் உடுப்பு, தொப்பியில் செருகியதைப் பார்த்துத்தானே ஆளை அறிகிறோம்? அவர்கள் தொப்பியிலும் நம்மைப்போல ஓக் இலை. "நம்ம ஆளுங்கதான்! பிந்தி வந்தவனுக்குக் கஞ்சி கெடையாதுடா!" என்று உன் கூட்டாளி யோஸ்ட் கத்தினான். சிரித்து முடிப்பதற்குள் வெட்டு விழுந்ததாம்; தப்பி ஓடி வந்து அவன்தான் சொன்னான்.

பிணங்களைப் புரட்டிப் பார்த்தேன். நீ இல்லை. நான் அழுவதா, காத்திருப்பதா?

உன் ஒட்டிலி


எதிர்க்கரை,
லாரன்ஸ் திருநாள்

ஒட்டிலிக் கண்ணே,

இருக்கிறேன். பிடித்தவர்கள் தங்கள் படையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். மாட்டேன் என்றவனுக்கு ரொட்டி இல்லை. அதே கஞ்சி, அதே வசவு.

இங்கே அடையாளம் வைக்கோல். என் தொப்பியிலும் செருகிவிட்டார்கள். நம் ஓக் இலையை உள்பட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். நம்மவர்கள் வரும் நாளில் அதை வெளியே செருகிக்கொண்டு ஓடி வந்துவிடுவேன். யோஸ்டிடம் சொல், எனக்குக் கஞ்சி எடுத்து வைக்கட்டும்.

உன் வைட்


சாலே ஆற்றங்கரை,
பார்த்தொலோமே திருநாள்

சிட்டே,

உன் கடிதம் கைக்கு வருமுன்பே நம் குதிரைப்படை புறப்பட்டுவிட்டது. அவர்கள் நமக்குச் செய்ததை அவர்களுக்குச் செய்ய. விடியலில், அவர்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது.

யோஸ்ட் உன் தொப்பியோடு வந்து என் காலடியில் உட்கார்ந்தான். "தொப்பியக் கழட்டிக் கையில வச்சிருந்தான், ஒட்டிலி. வைக்கோலத்தான் பாத்தேன். வெட்டுனப்புறந்தான் மொகத்தப் பாத்தேன்" என்றான். அவனை அடித்தேன். பிறகு கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

பாதிரியார் வந்து, "எந்தப் பக்கத்து ஆளுன்னு சொல்லிப் பூசை வைக்கட்டும்மா?" என்றார். "எம் பக்கத்து ஆளு சாமி" என்றேன்.

தொப்பி என் மடியில் இருக்கிறது. வெளியே வைக்கோல், உள்ளே காய்ந்த இலை. எக்காளக்காரர் இன்று எனக்காக நிற்கவில்லை. இதை அவரிடம் கொடுத்தும் என்ன?

ஒன்றே ஒன்று சொல், சிட்டே. இலையை எடுக்கத்தான் தொப்பியைக் கழற்றினாயா, இல்லை யோஸ்டைக் கண்டு கையசைக்கவா?