கயிறுவிட்டான் கலிங்கு

1961 நவம்பர் 9, வியாழன்

காலையிலிருந்து தூறல். செத்துப்போன தம்பி முருகேசனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. இன்று எனக்கு வடமதுரை பஸ்ஸில் மறுபடி கண்டக்டர் வேலை. காக்கிச் சட்டையில் பித்தான் இல்லை.

குளம் இன்னும் நிரம்பி வழிகிறது. மிச்சத் தண்ணீர் வெளியேறும் கல்கட்டான கலிங்கைத் தாண்டி விழும் வெள்ளம் கீழே ஆள் உயர அலையாக எழும்புகிறது. வாழைமரத் துண்டில் குப்புறப் படுத்து அந்த அலைமேல் ஏறுவது எங்கள் பக்கத்து இளவட்டங்களின் விளையாட்டு. இடுப்பில் கயிறு. மறுமுனை கரையில் ஒருத்தன் கையில். முருகேசனுக்குக் கயிறு பிடித்தவன் ரைஸ்மில்காரர் மகன் துரைராஜ். பெரிய அலை வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவிட்டான். தம்பி மூழ்கிப்போனான்.

போலீஸில் துரைராஜ் சொன்னது: "கயிறே இல்லீங்க. அவனாத்தான் குதிச்சான்."

ரைஸ்மில்காரர் தோட்டத்தில் பூ பறித்துக்கொண்டிருந்த செல்லம்மா எல்லாம் பார்த்தவள். சாட்சிக்குக் கூப்பிட்டேன். "அவுக தோட்டத்துலதாண்ணே கஞ்சி குடிக்கிறேன். என்னைய விட்ருங்க."

நவம்பர் 11, சனி

நல்ல கூட்டம். குளத்துக்கரை நிறுத்தம் வந்ததும் வாயில் வேறு பேர் வந்தது.

"கயிறுவிட்டான் கலிங்கு எறங்கு."

டிரைவர் காதர் பாய் கண்ணாடியில் பார்த்தார். "என்னப்பா, புதுப்பேரு?"

"இனி இதான் பாய்."

கியர் போட்டார். எல்லா நடையிலும் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. உப்புத்தண்ணீர் கொப்பளிக்கணும்.

நவம்பர் 20, திங்கள்

தக்காளிக் கூடைக்காரி ஒருத்தி, வெளியூர்: "கயிறுவிட்டான் கலிங்கு ஒண்ணு குடுப்பா. கூடைக்கு லக்கேஜ் போட்றாத." விட்டவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. பேர் தெரிகிறது. அது போதும்.

ரைஸ்மில்காரர் எங்கள் முதலாளியிடம் புகார். முதலாளி கூப்பிட்டார்.

"பழைய பேரையே சொல்லேம்ப்பா."

"சனங்க இப்படித்தான் கேக்குறாக முதலாளி."

சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாங்க வேண்டியது: சோப்பு, சைக்கிள் டியூப்.

நவம்பர் 26, ஞாயிறு

அம்மா இன்று எங்கள் வண்டியில் வந்தது. வீட்டில் சோறு போடும்போதுதான் வாய் திறந்தது.

"நீ அந்தப் பேரச் சொல்றப்பல்லாம் எம்புள்ள தண்ணிக்குள்ள போறான்டா. விட்ருடா."

"நான் விட்டாலும் ஊரு விடாதும்மா."

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். விட மனசும் இல்லை.

டிசம்பர் 4, திங்கள்

நல்ல வெயில். மில் கார் ரிப்பேராம். துரைராஜ் திண்டுக்கல்லில் என் வண்டியில் ஏறினான். கடைசியாக அவனிடம் போனேன்.

"குளத்துக்கரை ஒண்ணு."

"அப்படி ஒரு எடம் இல்லையே."

"நம்ம ஊருதாண்ணே."

"பேரச் சொல்லு. டிக்கெட் கிழிக்கிறேன்."

அவன் கீழே பார்த்துக்கொண்டே இருந்தான். திடீரென்று வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். குறுக்கே தோல் உரிந்து ஆறிய தழும்பு.

"புடிச்சுத்தாண்ணே இருந்தேன். கை எரிஞ்சுபோச்சு."

"அப்ப கயிறு இருந்துச்சு."

"இருந்துச்சு."

"சத்தமாச் சொல்லு."

"கயிறு இருந்துச்சுண்ணே."

வண்டி முழுக்கக் கேட்டது. காதர் பாய் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் டிக்கெட்டைக் கிழிக்கவில்லை.

"எங்க போகணும்?"

அந்தப் பேரையே சொன்னான். கொடுத்தேன். இறங்கும்போது அழுதான். பார்த்தேன்.

போதவில்லை.