சி. ஞானாம்பிகை எழுதிய பதினேழு கட்டுரைகள்

அனுப்புநர்:
கதிரவேலு முருகேசு,
தோட்டச் செய்கையாளர்,
புத்தூர்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
வாழ்நாள் ஆய்வு விருதுக் குழு,
வடபுல உயிரியலாளர் கழகம்,
யாழ்ப்பாணம்.

விடயம்: உயிர்க்கல ஆய்வாளர் கலாநிதி (திருமதி) ஞானாம்பிகை தம்பிஐயாவின் ஆய்வுக் கட்டுரைகளைக் குறைத்துக் கணித்தமை தொடர்பான முறைப்பாடு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்வாண்டு விருதுக்கு முன்மொழியப்பட்டோரின் பட்டியலைத் தங்கள் கழகம் சென்ற மாதம் வெளியிட்டது. தெல்லிப்பழையில் வசிக்கும் கலாநிதி ஞானாம்பிகையின் பெயருக்கு எதிரே, "கட்டுரைகள் 6, மேற்கோள்கள் 31, தகுதி போதாது" என்றிருந்தது. அவர் எழுதியவை இருபத்துமூன்று. இருபத்துமூன்றும் என் வீட்டில் இருப்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

2. பிழை நேர்ந்த விதம் இது. 1987இல் திருமணமாகும் வரை அவர் தந்தையார் சிவக்கொழுந்துவின் முதலெழுத்துடன் "சி. ஞானாம்பிகை" என்றே எழுதினார். அதன்பின் "ஞா. தம்பிஐயா". தங்கள் கணினி அவரை இரண்டு ஆட்களாக்கி, முதலாமவரை விட்டுவிட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்தவர் அந்த முதலாமவர்தான்.

3. 1979ஆம் ஆண்டு மாசி மாதம் அவர் எனது வெங்காயத் தோட்டத்துக்கு வந்தார். பஸ்ஸால் இறங்கி நடந்ததில் சேலைக் கரையெல்லாம் செம்மண். கலம் பிரிவதைப் பார்க்க வெங்காய வேரின் நுனி வேண்டும் என்றார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சம்மதித்தேன். ஏழு வருடம், கிழமைக்கு ஒரு நாள், தண்ணீர்ப் போத்தல்களின் வாயில் வெங்காயத்தை இருத்தி வேர்விட வைத்து, காலை பத்து மணிக்கு வெட்டிக் கொடுத்தேன். அந்நேர வேரில்தான் கலங்கள் மும்முரமாகப் பிரியும் என்பார். இன்றைக்கும் தோட்டத்தில் நிற்கையில் பத்து மணியானால், வரிசையாக வெயிலில் மினுங்கிய அந்தப் போத்தல்கள் என் கண்ணில் நிற்கும்.

4. ஒருநாள் என்னை ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்று நுணுக்குக்காட்டியின் முன் இருத்தினார். "உதுக்குள்ளை பாரும் முருகேசு. உம்மடை வெங்காயம் வளருற விதம் உதுதான்" என்றார். மெல்லிய நூல்கள் இரு பக்கமாக விலகி நிற்பதைக் கண்டேன். அடுத்த கண்ணாடித் தகட்டில் அதே நூல்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. அது, நடுவதற்கு முன் நான் பூச்சிமருந்துத் தண்ணீரில் ஊறவைத்த வெங்காயம். அவர் என்னை ஒரு சொல் குறை கூறவில்லை. அன்றோடு ஊறவைப்பதை நிறுத்தினேன். எங்கள் பங்குக் கிணற்றில் இறைத்த பதினொரு பேரும் நிறுத்தினார்கள். தங்கள் படிவத்தில் இதை எழுத இடம் இல்லை.

5. கட்டுரை அச்சானதும் ஒரு பிரதி எனக்கு வரும். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நன்றி கூறும் இடத்தில் என் பெயரை மட்டும் கண்டுபிடிப்பேன். 1995இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வில் அவருடைய பிரதிகள் வீட்டோடு அழிந்தன. என்னுடையவை உரப்பையில் சுற்றியபடி என்னோடு தென்மராட்சிக்குப் போய்த் திரும்பின. அச்சுவேலியில் விஞ்ஞானம் கற்பிக்கும் என் மகள் கீர்த்திகா அவற்றை வைத்து இணையத்தில் தேடினாள். 1982இல் வெளிவந்த ஒன்றை மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் மேற்கோள் காட்டியுள்ளன. கடைசியாக இவ்வருடம், பிறேசில் நாட்டில்.

6. போன ஞாயிறு பிரதிகளோடு போய் விடயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "விடும் முருகேசு. சி. ஞானாம்பிகை எண்ட அந்தப் பெட்டை ஆரெண்டு எனக்கே மறந்து போச்சு" என்றார். ஆனால் பிரதிகளை வாங்கி மடியில் வைத்தவர், நான் புறப்படும்போதும் கையை எடுக்கவில்லை. மறுநாள்தான் போய் எடுத்து வந்தேன். முறைப்பாடு எழுதப் போவதாகச் சொன்னேன். பிரதிகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணி என்னிடம் தந்தார்.

ஆகவே, இரு பெயர்களும் ஒருவருடையவையே எனப் பதிந்து, பட்டியலைத் திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன். விருது கொடுப்பதும் விடுவதும் குழுவின் முடிவு. கட்டுரைகளின் முதற் பக்கங்களின் நிழற்பிரதிகளை இணைத்துள்ளேன். மூலப் பிரதிகளைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. தாங்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

இன்னுமொன்று. கலாநிதிக்கு எழுபத்தெட்டு வயது. கண் பார்வை மங்கிவிட்டது. கடிதம் போனால் அவரால் வாசிக்க இயலாது. ஆதலால் கழகத்திலிருந்து ஒருவர் நேரில் சென்று, விடுபட்ட பதினேழு கட்டுரைகளின் தலைப்புகளையும் ஒவ்வொன்றாக, அவருக்குக் கேட்கும்படி உரத்து வாசித்துக் காட்ட ஒழுங்கு செய்து தருமாறு மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
க. முருகேசு

இடம்: புத்தூர்
திகதி: 14.07.2025