விடத் தெரிந்த இரும்பு

“பிடிச்சா விடவே விடாதா, அம்மா, இந்தக் கல்லு?” என்று செம்புவேலை செய்யும் எயினியிடம் அவள் மகள் அல்லி ஒருநாள் கேட்டாள். அக்கேள்வி வாழ்க. அதை இவ்வோலையின் தலையில் பொறிக்கச் சொன்னவர், நீரடி நாட்டையும் அதன் ஏரிகளையும் காக்கும் தும்பைநல்லாள் நாச்சியார். பெறுபவர், ஆற்றுக்கோட்டைத் தலைவர் கரம்பன் கிழார். தங்கள் கோட்டை விளக்கு அணையாதிருக்க. அங்குள்ளோர் உலை ஓயாது கொதிக்க.

தம் போருக்கு நம் உழவரை அனுப்பவில்லை என்று வல்லரண் வேந்தர் நம் கரை வயல்களில் இரும்பு முட்களை விதைத்ததைத் தாங்கள் அறிவீர்கள். சேற்றில் இறங்கிய மாடும் மனிதரும் நொண்டினர். காந்தக்கல்லைக் கட்டி இழுத்தால் முள் வந்தது. வந்ததைக் கல் விடவில்லை. பிய்த்தெடுத்த கைகள் கிழிந்தன. தாயின் கைக்குக் கட்டுப்போடும்போதுதான் அல்லி அவ்வாறு கேட்டது.

எயினி செய்தே காட்டினாள். தேனிரும்பு என்னும் மெல்லிரும்புக் கோலில், பட்டுநூல் போர்த்த செப்புக்கம்பியை நெருக்கமாகச் சுற்றி, சேறு புகாமல் அரக்குப் பூசினாள். புளித்த காடி நிறைந்த பானைகளில் செப்புத்தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, பானைக்குப் பானை கம்பியால் பிணைத்து, கோலில் சுற்றிய கம்பியின் இரு முனைகளையும் அவற்றோடு சேர்த்தாள். கோல் முட்களை அள்ளியது. கம்பியின் ஒரு முனையைப் பானையிலிருந்து எடுத்தாள். முட்கள் பொலபொலவெனக் கூடையில் உதிர்ந்தன. முதலில் எஃகுக்கோலில் சுற்றியதாகவும், அது வேந்தரைப்போல் விடமாட்டேன் என்று அடம்பிடித்ததாகவும் நாச்சியாரிடம் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது வல்லரண் தூதர் தங்கள் வாயிலில் நிற்கிறார். காந்தம் பிடிப்பது இயற்கையாம், விடுவது சூனியமாம். எயினியைக் கைகட்டி ஒப்படைக்க வேண்டுமாம். பெண் ஆளும் நாட்டில் இரும்புக்கும் உறுதி கிடையாது என்று நகைத்தாராம். அவர் கேட்க இதை உரக்க வாசியுங்கள்: எயினி வரமாட்டாள். அவள் சுண்டுவிரலும் வராது. எடுக்கவும் விடவும் தெரிந்த கையே அறத்தின் கை. பிடித்ததை விடாத கை யாருடையது என்பதை வேந்தரே பார்த்துக்கொள்ளட்டும். அவர் விதைத்த முட்களை உருக்கிக் கலப்பைக்குக் கொழு அடித்துவிட்டோம். மீண்டும் விதைத்தால், மீண்டும் உழுவோம்.

இனி வருவது தூதர் செவிக்கு அன்று.

முள் விதைத்த நாளில் வல்லரண் வீரர் ஒருவர், அல்லி நீர் மொண்டு வரும் வரப்பில் மட்டும் முள் இடாமல் கடந்து போனார். வெள்ளம் சில முட்களை உருட்டிச் சென்று, அக்கரையில் அவருடைய வயலிலேயே சேர்த்துவிட்டதாம். அவற்றை எடுத்துக் கொடுக்க எயினியே கேட்டுக்கொண்டாள். நாச்சியார் தடுத்துப் பார்த்தார், அவள் கேட்கவில்லை. தூதரை விருந்தில் இருத்துங்கள். பரிமாறுவதில் குறை வேண்டா. அந்நேரம் எயினி பானைகளோடு ஆறு கடக்கட்டும். ஓடக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். ஒரு முள்ளும் மிஞ்சாமல் எடுத்து, வரப்பு மிதிபடாமல் அவள் மீளட்டும்.

இது நாச்சியார் கட்டளை; தாமரையிலை இலச்சினை இட்டோம். இப்பகுதியை நறுக்கி அடுப்பில் இடுங்கள். அவ்வீரர் அறிய வேண்டா. வேலை முடிந்தது என்று மறு ஓலையும் வேண்டா.